மருத்துவச்சியின் துணையோடு வீட்டில் பிரசவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் குழந்தையை வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டேன். கடைசியில் மருத்துவமனையில்தான் பிறந்தது. இரண்டாவது குழந்தை எங்கள் படுக்கையறையிலேயே பிறந்தது. இரண்டு முறையும் கூட இருந்தவர் ஒரே மருத்துவச்சி. அன்றிலிருந்து கருவுற்ற பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்களைப் பரிசோதித்துப் பார்க்கிறவர் சொல்வதற்கு மேல் என் பேச்சை வைக்காதீர்கள்.

மருத்துவச்சி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பிரசவம் பார்ப்பதற்கென்றே முறையாகப் படித்து, தேர்ச்சி பெற்று, தான் வேலை செய்யும் இடத்தின் சட்டப்படி பதிவு செய்துகொண்டவரை. கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பிறந்த குழந்தையின் கவனிப்பு மூன்றும் அவர் வேலை. ஏதாவது சரியில்லை என்றால் அதை முதலில் கண்டுபிடித்து, கையில் இருக்கும் மருந்தால் சமாளித்து, டாக்டரிடம் கொண்டு சேர்க்க வேண்டியவரும் அவர்தான்.

டூலா என்பவர் வேறு. அவர் தாய்க்குத் தெம்பு சொல்வார், முதுகைப் பிடித்துவிடுவார், மூச்சு விடச் சொல்லித் தருவார். அந்தத் துணையின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ரத்தம் நிற்காமல் போனால் டூலாவிடம் ஊசி கிடையாது. மருத்துவச்சிக்குப் பதிலாக டூலா என்ற கணக்கே வேண்டாம்.

வீட்டில் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானதா?

யாருக்கு, யார் துணையோடு, மருத்துவமனை எவ்வளவு தூரத்தில் என்ற மூன்றும் தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் சிக்கல் எதுவும் இல்லாத சுமார் 64,000 பெண்களின் பிரசவங்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களைப் பொறுத்தவரை, வீட்டில் திட்டமிட்டாலும் மருத்துவமனையில் திட்டமிட்டாலும் குழந்தைக்கு நேர்ந்த ஆபத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாய்க்கு சிசேரியன் போன்ற தலையீடுகள் வீட்டுத் திட்டத்தில் குறைவாக இருந்தன. தலைப்பிரசவத்தில் கதை வேறு. குழந்தை இறப்பது, மூளை பாதிக்கப்படுவது, எலும்பு முறிவது போன்ற கடுமையான விளைவுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால், மருத்துவமனையில் 1000க்கு 5.3, வீட்டில் 1000க்கு 9.3.

2019இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, வீட்டில் திட்டமிட்ட சுமார் 5 லட்சம் பிரசவங்களைப் பார்த்தார்கள். குழந்தை இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு பக்கம், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம், தங்கள் நாட்டில் வீட்டில் திட்டமிட்ட பிரசவங்களில் குழந்தை இறக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று எச்சரிக்கிறது. எண்ணிக்கையில் அது 1000க்கு ஒன்று அல்லது இரண்டு.

ஏன் இப்படி ஆளுக்கொன்று சொல்கிறார்கள்? மருத்துவச்சியும் மருத்துவமனையும் ஒரே அமைப்பின் இரண்டு கைகளாக வேலை செய்யும் இடங்களில் எண்கள் நன்றாக இருக்கின்றன. மருத்துவச்சி ஒரு பக்கம், மருத்துவமனை ஒரு பக்கம், இடையில் தொலைபேசி எண்கூட இல்லை என்ற இடங்களில் எண்கள் மோசமாகின்றன. அதனால் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பது இதைத்தான்: ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அங்கே கதவைத் திறக்கப் போகிறவர் யார், அவருக்கு உங்களைத் தெரியுமா? பதில் இல்லை என்றால், உங்கள் உடம்பு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வீட்டுப் பிரசவத்துக்கு நீங்கள் இன்னும் தயார் ஆகவில்லை.

அப்படியானால் தலைப்பிரசவத்துக்கு வேண்டாமா?

நான் முயன்றேன். அதனால் யாரையும் தடுக்க எனக்கு வாய் வராது. ஆனால் மேலே சொன்ன எண்களை நான் அப்போது படித்திருக்கவில்லை. இன்னோர் எண்ணும் இருக்கிறது: அதே ஆய்வில், வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 100க்கு 45 பேர் நடுவிலோ பிரசவம் முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்தடுத்த பிரசவங்களில் 100க்கு 12 பேர்தான். ஆகவே தலைப்பிரசவம் என்றால், பாதிக்குப் பாதி கிளம்ப வேண்டி வரும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு முடிவெடுங்கள்.

யாருக்கு இது கூடவே கூடாது?

இரட்டைக் குழந்தைகள், தலை கீழே திரும்பாமல் புட்டமோ காலோ முன்னால் இருக்கும் குழந்தை, குறுக்காகக் கிடக்கும் குழந்தை, முன்பு சிசேரியன் ஆனவர்கள், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பவர்கள், ரத்த அழுத்தம் ஏறியவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரைக்காரர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், இதயக் கோளாறோ வலிப்போ உள்ளவர்கள், போன பிரசவத்தில் உதிரப்போக்கு கட்டுக்கடங்காமல் போனவர்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் வலி வந்தாலும், 42 வாரத்தைத் தாண்டினாலும் மருத்துவமனைதான்.

இந்தப் பட்டியல் கடைசி நாள் வரை உயிரோடு இருக்கும் பட்டியல். 20ஆம் வாரத்தில் நீங்கள் இதில் இல்லாமல் இருந்து, 38ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அன்றைக்கே திட்டம் மாறும். அப்படி மாறினால் அழுகை வரும். அழுதுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மருத்துவச்சியை முதல் முறை சந்திக்கும்போது என்ன கேட்பது?

சங்கடப்படாமல் எண்களைக் கேளுங்கள். போன வருடம் எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், அதில் எத்தனை பேரை மருத்துவமனைக்கு மாற்றினீர்கள், ஏன்? “நான் ஒருத்தரையும் மாற்றியதே இல்லை” என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று, அவர் மிகக் குறைவாகப் பார்த்திருக்கிறார். அல்லது மாற்ற வேண்டியவர்களை மாற்றவில்லை.

பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். நல்ல மருத்துவச்சிக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது. என்னுடையவர் பதில் சொல்வதற்குப் பதிலாகப் பையிலிருந்து காற்றுப் பையையும் முகமூடியையும் எடுத்து, மேசை மேல் ஒரு பொம்மையை வைத்து, எப்படி அழுத்துவார் என்று காட்டினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பொம்மையின் நெஞ்சு மேலே எழுந்து இறங்கியது. “நெஞ்சு எழும்பலைன்னா காத்து உள்ள போகலைன்னு அர்த்தம் கண்ணு” என்றார். அதைப் பார்த்த பிறகுதான் என் கணவரின் முகத்தில் இறுக்கம் குறைந்தது.

அப்புறம், குழந்தை வரும் நேரத்தில் இரண்டாவதாக யார் வருவார்? இது மிக முக்கியம். பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் தாய்க்கு, ஒருவர் குழந்தைக்கு. இரண்டு உயிருக்கும் ஒரே நேரத்தில் உதவி தேவைப்பட்டால் ஒருவருக்கு இருப்பது இரண்டு கைதான். அதே நாளில் இன்னொரு பெண்ணுக்கும் வலி வந்துவிட்டால் யாரை அனுப்புவார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஆக்ஸிடோசின் மருந்தை எங்கே வைத்திருக்கிறார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உதிரப்போக்கைத் தடுக்கும் அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் நாள்கணக்கில் கிடந்த மருந்து, தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? கோபித்துக்கொள்வாரே?

சொல்லியே ஆக வேண்டும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்த வகை எதையும் விடாதீர்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை ஸ்கேன்தான் காட்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் உங்களுக்குப் போட வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். முதலில் நான் பார்த்த டாக்டர் கோபித்துக்கொண்டார். இரண்டாவதாகப் பார்த்தவர், “எனக்கு இது பிடிக்கலை. ஆனா உங்க ஃபைல் இங்கேயே இருக்கட்டும், வலி வந்ததும் போன் பண்ணிச் சொல்லிடுங்க” என்றார். அந்த ஃபைல்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

மருத்துவமனைக்கு மாற்றும் திட்டம் என்றால் என்ன எழுத வேண்டும்?

வீட்டுப் பிரசவத் திட்டத்தில் முக்கால்வாசி இதுதான் என்பேன். விளக்கு மங்கலாக இருக்க வேண்டுமா, பாட்டு வைக்க வேண்டுமா என்பதெல்லாம் அப்புறம்.

ஒரே தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். எந்த மருத்துவமனை, அது நிரம்பியிருந்தால் அடுத்தது எது, பிரசவ வார்டின் நேரடி எண், ஆம்புலன்ஸ் எண், வீட்டுக்கு வர வழி சொல்லும் இரண்டு வரி, உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை உள்ள மருந்துகள். யார் போன் செய்வது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸை வழிகாட்டுவது, வீட்டுச் சாவி யாரிடம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பதற்றத்தில் யாருக்கும் தன் வீட்டு முகவரிகூட ஒழுங்காக வாயில் வராது.

பிறகு ஒரு முறை வண்டியை எடுத்துக்கொண்டு நிஜமாகவே போய்ப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் போங்கள். வரைபடம் காட்டும் நிமிடம் வேறு, சக்கரம் உருளும் நிமிடம் வேறு. மாடிவீடு என்றால் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, லிஃப்டில் நுழையுமா என்று பாருங்கள். எங்கள் படியில் நடுத் திருப்பத்தில் விளக்கு எரியாமல் கிடந்தது, மாதக்கணக்காக. அந்த ஒத்திகைக்குப் பிறகுதான் மாற்றினோம்.

எந்தக் காரணத்துக்காகக் கிளம்புவது என்பதும் முன்பே பேசி வைக்க வேண்டியது. பெரும்பாலானவர்கள் கிளம்புவது சைரன் வைத்துக்கொண்டு இல்லை. வலி இருக்கிறது, ஆனால் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, தாய் களைத்துவிட்டாள், வலி தாங்க முடியவில்லை, எபிடியூரல் (முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே வலியை மரத்துப்போகச் செய்வது) வேண்டும். இதுதான் வழக்கமான காரணம். குழந்தையின் இதயத் துடிப்பு சரியில்லை, பனிக்குட நீர் கெட்டியான பச்சையாக வருகிறது, ரத்தம் கொட்டுகிறது, நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை, குழந்தை சரியாக மூச்சு விடவில்லை என்றால் அது ஆம்புலன்ஸ் விஷயம்.

என் முதல் பிரசவத்தில் 19 மணி நேரம் ஆகியிருந்தது. கர்ப்பப்பை வாய் 7 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே 7. “அக்கா, இன்னும் ஒரு மணி நேரம் மட்டும்” என்று கெஞ்சினேன். மருத்துவச்சி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “இப்போ கிளம்பினா நீயே நடந்து போய் வண்டில ஏறலாம் கண்ணு. அப்புறம்னா தூக்கிட்டுத்தான் போகணும்” என்றார். கிளம்பினோம். அவரும் கூடவே வந்து, நேரம் நேரமாக எழுதி வைத்திருந்த தாளை வார்டில் கொடுத்து, நடந்ததை இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார். எபிடியூரல் போட்டார்கள். இரண்டு மணி நேரம் தூங்கினேன். விடிவதற்குள் குழந்தை சுகமாகப் பிறந்தது.

மருத்துவச்சியின் பையில் என்ன இருக்க வேண்டும்?

குழந்தையின் துடிப்பைக் கேட்க கையடக்க டாப்ளர், ரத்த அழுத்தக் கருவி, தெர்மாமீட்டர், கிருமி நீக்கிய கத்தரியும் தொப்புள்கொடியை இறுக்கும் கவ்வியும், கையுறைகள், தையல் போடுவதற்கான சாமான்களும் மரத்துப்போகும் ஊசியும், சலைன், ஆக்ஸிடோசின், அது போதாதபோது கொடுக்க மிசோப்ரோஸ்டால், காற்றுப் பையும் முகமூடியும், குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி, எடை பார்க்கும் கருவி. பலர் ஆக்ஸிஜன் சிலிண்டரும் கொண்டு வருவார்கள். உதிரப்போக்குக்கு டிரானெக்ஸாமிக் அமிலமும் கொடுக்கலாம், ஆனால் பிறந்து 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 36ஆம் வாரத்தில் அவர் வீட்டுக்கு வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுவார்.

நாங்கள் வீட்டில் என்ன தயார் செய்வது?

மெத்தைக்கு மேல் போட பெரிய பிளாஸ்டிக் விரிப்பு, பழைய பெட்ஷீட்டுகள், துவைத்துக் காய்ந்த துண்டுகள் ஒரு அடுக்கு, குப்பைப் பைகள், வாளி, பெரிய பேடுகள், நல்ல டார்ச் ஒன்று. மருத்துவமனைக்கான பையும் கதவருகே தயாராக இருக்கட்டும்.

பலரும் மறப்பது இரண்டு. ஒன்று, இடுப்பு உயரத்தில் தட்டையான, கெட்டியான ஒரு மேசை. குழந்தைக்கு மூச்சு கொடுக்க வேண்டியிருந்தால் அமுங்கும் மெத்தையில் முடியாது. இரண்டு, அறையின் வெப்பம். 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிரசவ வலியில் வியர்த்துக் கொட்டும் உங்களுக்கு மின்விசிறி வேண்டும் போல இருக்கும். குழந்தை வரும் நேரம் நெருங்கியதும் அதை அணைத்துவிட வேண்டும். நனைந்த உடம்போடு வரும் குழந்தைக்குச் சூடு நொடியில் இறங்கும்.

வலிக்கு என்ன செய்வார்கள்?

வீட்டில் எபிடியூரல் கிடையாது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடப்பது, முட்டி போட்டு நாற்காலியில் சாய்வது, இடுப்பை இரண்டு பக்கமும் யாராவது அழுத்திப் பிடிப்பது, வெந்நீர் ஒத்தடம், ஷவர், தண்ணீர்த் தொட்டி இவைதான். சில இடங்களில் முகமூடி வழியாக உறிஞ்சும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை மருத்துவச்சிகள் கொண்டு வருகிறார்கள். எனக்கு மிகவும் உதவியது கீழ்முதுகில் அழுத்திய உள்ளங்கை. என் கணவரின் மணிக்கட்டு மறுநாள் வீங்கிவிட்டது.

தண்ணீர்த் தொட்டியில் பெறலாமா?

வலியைத் தணிக்கத் தண்ணீர் உண்மையிலேயே உதவும். தண்ணீரின் சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, மணிக்கொரு முறை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளேயே பெற்றுக்கொள்வதாக இருந்தால், குழந்தை முழுதும் வெளியே வந்தவுடன் முகம் மேலே வர வேண்டும், தொப்புள்கொடியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. “வெளியே வா” என்று மருத்துவச்சி சொன்னால் வாதாடாமல் வெளியே வர வேண்டும்.

வலி வந்தால் எப்போது மருத்துவச்சியைக் கூப்பிடுவது?

தலைப்பிரசவம் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் என்பது பொதுவான கணக்கு. அடுத்த பிரசவங்களில் அவ்வளவு காத்திருக்காதீர்கள், சட்டென்று வந்துவிடும்.

பனிக்குடம் உடைந்தால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே போன் செய்யுங்கள். மணி, நீரின் நிறம், குழந்தையின் அசைவு மூன்றையும் சொல்லுங்கள். நீர் தெளிவாக இருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. நீரோடு வழுவழுப்பாகக் கயிறு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. அப்போது முட்டி போட்டுக் குனிந்து, தலையைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே இருங்கள். கூட இருப்பவர் அந்த நொடியே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

பிரசவத்தின்போது குழந்தை நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கேட்டுக் கேட்டுத்தான். வலி வலுத்த பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்க ஆரம்பித்ததும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு வலி அடங்கியவுடன் முழு ஒரு நிமிடம் டாப்ளரை வைத்துக் கேட்பார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. நான் கண்ணை மூடிக் கிடந்தபோது அந்த ஜெல்லின் குளிர்ச்சி வயிற்றில் பட்டதும், குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தமும், அதைக் கேட்டபடி அவர் உதடு மட்டும் அசைந்து எண்ணிக்கொண்டிருந்ததும் இன்றும் அப்படியே நிற்கின்றன. இப்படி உட்கார்ந்து கேட்காமல், “எல்லாம் நல்லாத்தான் இருக்கும்” என்கிறவரை நம்பாதீர்கள்.

குழந்தை பிறந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் என்ன நடக்கும்?

துடைத்து, ஈரத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, உங்கள் வெறும் நெஞ்சின் மேல் குழந்தையைப் படுக்க வைத்து, காய்ந்த துண்டால் இருவரையும் சேர்த்து மூடுவார்கள். குழந்தை அழுது மூச்சு விட்டால் தொப்புள்கொடியை வெட்ட அவசரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் போகிறது. எடை பார்ப்பது, ஊசி எல்லாம் பிறகு. குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழித்து.

எல்லோருடைய கண்ணும் குழந்தை மேல் இருக்கும் இந்த நேரத்தில்தான் தாய்க்கு ஆபத்து. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்திலிருந்து வரும் ரத்தம், கர்ப்பப்பை இறுகினால்தான் நிற்கும். அதற்காகத் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். சில பெண்கள் ஊசி வேண்டாம், இயற்கையாக வரட்டும் என்கிறார்கள். நான் போட்டுக்கொண்டேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்வேன். வீட்டில் இருக்கும்போது 500 மில்லிக்கு மேல் ரத்தம் போவது சின்ன விஷயம் இல்லை. ஊசி போட்டிருந்தால் அரை மணி நேரத்துக்குள், போடாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி வந்துவிட வேண்டும். வராவிட்டால் மருத்துவமனை. வந்ததும் மருத்துவச்சி அதை விரித்து, எங்காவது ஒரு துண்டு குறைகிறதா என்று பார்ப்பார்.

இரண்டாவது பிரசவத்தில் அவர் என் கையைப் பிடித்து என் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்தினார். “தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கா? இப்படியே இருக்கணும். மெத்துனு ஆச்சுன்னா நல்லாத் தேய்ச்சுவிடு, என்னைக் கூப்பிடு.” உருண்டையாக, இறுக்கமாக, ஒரு தேங்காய் அளவில் இருந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தவர், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை இறுகாது. இந்த ஒன்றை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிழிந்தால் வீட்டிலேயே தையல் போடுவார்களா?

சின்னக் கிழிசல் என்றால் மரத்துப்போக ஊசி போட்டுத் தைத்துவிடுவார். ஆசனவாய்த் தசை வரை போயிருந்தால் மருத்துவமனையில்தான்.

மருத்துவச்சி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டால்?

போனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸிடம் பேசிக்கொண்டே இருங்கள். குழந்தையை இழுக்காதீர்கள். வெளியே வரும் தலையைக் கையால் மெல்லத் தாங்கினால் போதும். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றித் தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுங்கள். பிறந்ததும் துண்டால் நன்றாகத் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள், தாயின் நெஞ்சில் போட்டு மூடுங்கள். கொடியை வெட்டாதீர்கள், நஞ்சுக்கொடியையும் இழுக்காதீர்கள். துடைத்தும் குழந்தை மூச்சு விடவில்லை என்றால் அதைப் போனில் உடனே சொல்லி, அவர்கள் சொல்லச் சொல்ல மூச்சு கொடுங்கள்.

காணொலியைப் பார்த்து, மருத்துவச்சியும் இல்லாமல், குடும்பத்தாரே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. காணொலி எடுத்துப் போடுகிறவர்கள் நல்லபடியாக முடிந்தவர்கள். பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 5 பேருக்குக் காற்றுப் பையால் மூச்சு கொடுக்க வேண்டி வருகிறது, அதுவும் முதல் ஒரு நிமிடத்துக்குள். கட்டுக்கடங்காத உதிரப்போக்கு நல்ல ஆரோக்கியமான பெண்ணையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். அன்பான கணவரின் கைக்கு அதைத் தடுக்கத் தெரியாது. மருத்துவமனையில் மரியாதையில்லாமல் நடத்தினார்கள் என்ற காயத்தால் இந்த முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தக் காயம் நிஜம். அதற்கு மருந்து வேறு மருத்துவமனை, வேறு மருத்துவச்சி, கூடவே நம்பிக்கையான ஒரு துணை.

மாமியார், அம்மா எல்லோரும் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

மருத்துவச்சி வரும் நாளில் அவர்களையும் கூட உட்கார வையுங்கள். கேட்கிற கேள்வியை நேராக அவரிடமே கேட்கட்டும். என் மாமியாரின் பயம், “ரத்தம் போனா என்ன பண்ணுவீங்க?” என்ற ஒரே கேள்வியில் இருந்தது. பதில் கிடைத்த பிறகு அவர்தான் வாசலில் ஆம்புலன்ஸுக்கு நிற்கும் வேலையை எடுத்துக்கொண்டார். அப்படியும் பயம் அடங்காதவர்கள் பிரசவ அறைக்குள் இருக்க வேண்டாம். அவர்கள் முகத்தைப் பார்த்தே உங்கள் வலி தடுமாறும்.

மூத்த குழந்தை வீட்டில் இருக்கலாமா?

இருக்கலாம், அவனை மட்டுமே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தால். அந்த ஆள் உங்கள் கணவராக இருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பிரசவம் பார்ப்பது பொது மருத்துவ அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. சில நாடுகளில் மருத்துவச்சிக்கு வீட்டில் பார்க்க உரிமம் கிடையாது. 2010இல் ஹங்கேரி வழக்கு ஒன்றில், எந்தச் சூழலில் பெற்றுக்கொள்வது என்று தீர்மானிப்பது ஒரு பெண்ணின் தனிவாழ்வு உரிமைக்குள் அடங்கும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2016இல் செக் குடியரசு வழக்கில், வீட்டுப் பிரசவத்துக்கு மருத்துவச்சியை அனுமதிக்காதது உரிமை மீறல் ஆகாது என்றது. உங்கள் இடத்தின் விதியையும், காப்பீடு இதற்குப் பணம் தருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச்சி கிளம்பிப் போன பிறகு?

நஞ்சுக்கொடி வந்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரமாவது இருந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒரு முறை, மூன்றாம் நாளுக்குள் ஒரு முறை, பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும்.

அதற்கு நடுவில், ஒரு பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுதும் நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலோ, தலை பிளக்கிற மாதிரி வலித்துக் கண் மங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கூப்பிடுங்கள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் விட்டால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினால், தொட்டால் சுட்டாலோ சில்லென்று இருந்தாலோ, முதல் நாளிலேயே மஞ்சள் தட்டினாலோ காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பிறந்தால் பெரும்பாலும் நீங்கள்தான் போக வேண்டும். மருத்துவச்சி கையெழுத்திட்ட பிரசவக் குறிப்பு, பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் உள்ளதாக, ஒரு நகலோடு அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யக் கெடு எத்தனை நாள் என்று பிரசவத்துக்கு முன்பே விசாரித்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிய அதே தாளின் அடியில் எழுதி வையுங்கள்.